ஜமுக்காளக் கடைக்கு வெப்சைட் போடணும், எங்க ஆரம்பிக்கிறதுனே தெரியல

பவானிக்காரன் | செவ்வாய் இரவு 10:42

எல்லாருக்கும் வணக்கம்ங்க. பவானில எங்க அப்பாரு காலத்துல இருந்து ஜமுக்காளம் தான் தொழில். வீட்டுல மூணு குழித்தறி ஓடுது, அதுபோக பக்கத்துல நெய்யறவங்க கிட்ட வாங்கி மொத்தமா கல்யாண மண்டபத்துக்கும் கோயிலுக்கும் கொடுக்கறோம். நான் ஆறு வருசம் திருப்பூர்ல மெர்ச்சன்டைசரா இருந்துட்டு போன வருசம் தான் ஊருக்கு வந்தேன். மண்டபத்துல எல்லாம் இப்ப பிளாஸ்டிக் சேர் வந்துருச்சு, ஜமுக்காளம் விரிக்கிற எடமே கொறஞ்சு போச்சு, சரி ஆன்லைன்ல வித்துப் பாக்கலாம்னு ஒருத்தர்கிட்ட கேட்டா 45,000 ரூபாய்க்கு கொட்டேஷன் கொடுத்துருக்காரு. அதுல டொமைன், ஹோஸ்டிங், எஸ்எஸ்எல், எஸ்இஓ, மெயில் ஐடி 5 ஃப்ரீனு எழுதிருக்கு. எனக்கு இதுல மெயில் ஐடி மட்டும் தான் புரிஞ்சுது.

பயம் ஏன்னா எங்க சித்தப்பா துண்டு யாவாரத்துக்கு 2017ல ஒரு பையன்கிட்ட வெப்சைட் போட்டாரு. ரெண்டு வருசம் ஓடுச்சு, அப்புறம் அந்தப் பையன் போனே எடுக்கல. இப்ப அந்தப் பேரை அடிச்சா என்னமோ சூதாட்ட சைட்டு வருது. சித்தப்பா கடை போர்டுலயும் பில் புக்லயும் இன்னும் அதே அட்ரஸ் தான் அச்சடிச்சிருக்கு, ஒருக்கா கோயில் தர்மகர்த்தா ஒருத்தர் அதைத் தட்டிப் பாத்துட்டு போன் பண்ணிக் கேட்டாராம், மனுசன் கூசிப் போயிட்டாரு.

அப்பா வேற, ஜமுக்காளத்தைக் கையில தொட்டு பாரம் பாக்காம எவன்டா வாங்குவான்ங்கறாரு. அதுனால காசு கொடுக்கறதுக்கு முன்னாடி இந்த இன்டர்நெட்டுனா என்ன, அடியில என்ன நடக்குதுனு கொஞ்சம் புரிஞ்சுக்கணும். பொறுமையா யாராச்சும் சொல்லுங்க.

---

பழைய_நெட்சென்டர் | செவ்வாய் இரவு 11:05

45,000 கொடுக்காதீங்க தம்பி, கொஞ்சம் நில்லுங்க. அந்தாளுகிட்ட ஒரே ஒரு கேள்வி கேளுங்க: டொமைன் யார் பேர்ல ரிஜிஸ்டர் ஆகும்? "அதெல்லாம் நாங்க பாத்துக்கறோம் சார்"னு பதில் வந்தா கும்பிடு போட்டுட்டு வந்துருங்க. உங்க சித்தப்பாவுக்கு நடந்ததும் இதுதான், அவர் கடைக்குப் பட்டா அந்தப் பையன் பேர்ல இருந்துருக்கு.

மத்ததெல்லாம் காலைல விளக்கமா எழுதறேன், இப்ப கண்ணு சொக்குது.

---

டெலிகாம்_தாத்தா | புதன் காலை 6:20

தம்பி அடியில இருந்து சொல்லுங்கன்னு கேட்டிருக்கார், இந்த மாதிரி கேட்டு யாரும் என் கிட்ட வர்றதே இல்ல, அதனால கொஞ்சம் நீளமாவே எழுதுவேன், பொறுத்துக்கணும். நான் 33 வருஷம் டெலிபோன் எக்ஸ்சேஞ்சுல இருந்து ரிட்டயர் ஆனவன்.

அந்தக் காலத்து ட்ரங்க் கால் எப்படின்னா, ஈரோட்டுல இருந்து மெட்ராசுக்குப் பேசணும்னா ரெண்டு ஊருக்கும் நடுவுல ஒரு லைனை முழுசா உங்களுக்காகப் புடிச்சு வச்சுக்கணும். நீங்க பேசினாலும் சரி, சும்மா மூச்சு விட்டுட்டு இருந்தாலும் சரி, வேற எவனும் அதுல போக முடியாது. இன்டர்நெட்டோட அடிப்படையே இதை ஒடச்சது தான். அனுப்ப வேண்டியதைத் துண்டு துண்டா நறுக்கி, ஒவ்வொரு துண்டு மேலயும் அனுப்பறவர் நம்பர், வாங்கறவர் நம்பர், எத்தனாவது துண்டுங்கற கணக்கு எல்லாம் எழுதி விட்டுர்றது. இதுக்கு பாக்கெட்னு பேரு. ஒரே கம்பில ஆயிரம் பேரோட துண்டும் கலந்து போகும், ஒண்ணு ஒரு பாதைல போகும் இன்னொண்ணு இன்னொரு பாதைல போகும், போய்ச் சேர்ற எடத்துல நம்பரைப் பாத்து மறுபடி கோத்துக்குவாங்க, ஒரு துண்டு தொலைஞ்சா அதை மட்டும் திரும்ப வாங்கிக்குவாங்க. இந்தக் கட்டுப்பாட்டுக்குத் தான் டிசிபி ஐபின்னு பேரு, 1983 ஜனவரி 1ல அமெரிக்காவுல அர்ப்பாநெட்டுனு இன்டர்நெட்டுக்கு முன்னோடியா இருந்த நெட்வொர்க் முழுசும் இதுக்கு மாறுச்சு.

அர்ப்பாநெட்டு அதுக்கும் முந்தி, 1969 அக்டோபர் 29. கலிபோர்னியாவுல ஒரு யுனிவர்சிட்டில இருந்து ஸ்டான்போர்டு ஆராய்ச்சிக் கூடத்துக்கு "லாகின்"னு அடிக்கப் பாத்தாங்க, முதல் ரெண்டு எழுத்து போனதுமே அந்தப் பக்க மெஷின் படுத்துருச்சு. இன்டர்நெட்டோட முதல் மெசேஜே பாதியில நின்னது தான், உங்க வீட்டு வைஃபை நின்னா ரொம்ப வருத்தப்படாதீங்க.

உங்க தொழிலுக்கு இது எதுக்குன்னா, ஒரு துண்டோட அளவு சாதாரணமா 1500 பைட்டுக்கு மேல போகாது. நீங்க போன்ல ஒரு ஜமுக்காளத்தைப் படம் எடுத்தா 3 எம்பி வருதுன்னு வைங்க, அது ரெண்டாயிரத்துக்கும் மேல துண்டா ஆயித்தான் வாங்கறவர் போனுக்குப் போகுது. அதே படத்தைக் கொறச்சு 300 கேபி ஆக்கினா இருநூத்திச் சொச்சம் துண்டு தான். பஸ்ல போயிட்டே பாக்கறவனுக்கு டவர் சரியா இருக்காது, ரெண்டாயிரம் துண்டு வந்து சேர்றதுக்குள்ள அவன் அடுத்த கடைக்குப் போயிருவான். எவ்வளவு பெரிய வெப்சைட் கம்பெனிக்குக் காசு கொடுத்தாலும் இந்தக் கணக்கு மாறாது.

இன்னொண்ணு. இந்தியாவுல பொதுஜனத்துக்கு இன்டர்நெட் வந்தது 1995 ஆகஸ்ட் 15, விஎஸ்என்எல்னு அரசாங்கக் கம்பெனி கொடுத்தது. வேகம் 9.6 கிலோபிட். அதுக்கு முன்னாடி 1986ல இருந்தே எர்நெட்னு ஒண்ணு ஐஐடி மாதிரி எடங்கள்ல மட்டும் இருந்துச்சு, நம்ம மெட்ராஸ் ஐஐடியும் அதுல உண்டு. இப்போ வெளிநாட்டுக்குப் போற கடலடிக் கேபிள்ல பல கேபிள் சென்னைல தான் கரையேறுது. எல்லாம் வானத்துல சாட்டிலைட் வழியா வருதுன்னு பாதிப் பேர் நினைச்சுக்கிட்டு இருக்காங்க. 2008 ஜனவரி கடைசில எகிப்து அலெக்சாண்டிரியா பக்கத்துல ரெண்டு கேபிள் அறுந்து, இந்தியால நெட்டு பல எடத்துல நொண்டி அடிச்சுது, அப்போ எனக்கு டியூட்டி, வந்த போனுக்கெல்லாம் "எகிப்துல அறுந்துருச்சு"ன்னு சொன்னா ஒருத்தரும் நம்பல. ஏன் சார், எகிப்துல அறுந்தா எங்க தெருவுல ஏன் சார் வரலன்னு ஒரு அம்மா சண்டைக்கே வந்துட்டாங்க.

---

பவானிக்காரன் | புதன் காலை 8:11

ஐயா, ரொம்ப நன்றிங்க. இப்பத்தான் புரியுது. பாவு நூல் ஒரே மாதிரி நிக்குது, ஊடை கலர் கலரா மாறி மாறி ஓடுது, கடைசில டிசைன் கரெக்டா வந்து நிக்குதுங்கற மாதிரி எடுத்துக்கிட்டேன். தப்புனா திட்டுங்க.

இப்ப அடுத்த கேள்வி. டொமைன் வேற ஹோஸ்டிங் வேறயாங்க? நான் ரெண்டும் ஒண்ணுனு நெனச்சேன்.

---

பழைய_நெட்சென்டர் | புதன் காலை 11:37

வேற வேற தான். டொமைன்ங்கறது பேரு, ஹோஸ்டிங்ங்கறது எடம். கடைப் பேரும் கடைக் கட்டடமும் மாதிரி. கட்டடத்தை மாத்திக்கலாம், பேரை விட்டா போச்சு.

ஒருத்தர் ராத்திரி பத்து மணிக்கு உங்க அட்ரஸை போன்ல அடிக்கறார்னு வைங்க. போனுக்கு உங்க பேரு புரியாது, அதுக்கு நம்பர் தான் வேணும், 8.8.8.8ங்கற மாதிரி நாலு கட்டம் வச்ச நம்பர். அதை ஐபி அட்ரஸ்ம்பாங்க. அதனால போன் முதல்ல ரிசால்வர்னு ஒருத்தனைக் கேக்கும், இவன் உங்க நெட் கம்பெனிக்காரன் வச்சிருக்கற ஆளு. அவனுக்குத் தெரியலன்னா மேல ரூட்டுனு ஒண்ணு இருக்கு, அங்க போய்க் கேப்பான். ரூட் சொல்லும், எனக்கு அந்தக் கடை தெரியாது, ஆனா டாட் இன்னு முடியுதுல்ல, டாட் இன் கணக்குப் பாக்கறவன் அங்க இருக்கான் போ. அங்க போனா அவன், இந்தப் பேருக்கு நேம் சர்வர் இன்னது, அங்க போய்க் கேளும்பான். அந்த நேம் சர்வர்ல தான் ஏ ரெக்கார்டுனு ஒரு வரி இருக்கும், அதுல உங்க சைட் இருக்கற மெஷினோட நம்பர் இருக்கும். அப்புறம் தான் போன் அந்த மெஷினுக்கே போய் பேஜைக் கேக்கும். கிராமத்துல வீடு தேடிப் போற மாதிரி தான், டீக்கடைல கேட்டு, கோயில்ல கேட்டு, கடைசில தெருமுக்குல ஒரு பாட்டி கை காட்டும்ல, அது. ஆனா இத்தனையும் கண் மூடித் திறக்கறதுக்குள்ள முடிஞ்சுரும், ஒருக்கா கேட்டதைக் கொஞ்ச நேரம் ஞாபகமும் வச்சுக்கும். அதனால தான் நீங்க நம்பரை மாத்தினா உடனே எல்லாருக்கும் மாறாது, சில பேருக்குப் பழைய சைட்டே காட்டிட்டு இருக்கும், அப்ப பதறக்கூடாது.

இப்ப சித்தப்பா கதைக்கு வாங்க. அந்தப் பேர் வருஷா வருஷம் காசு கட்டிப் புதுப்பிக்கறது. கட்டாம விட்டா டாட் காம்ல ஒரேயடியா போகாது, கம்பெனியைப் பொறுத்து கொஞ்ச நாள் சும்மா விடுவான், அப்புறம் 30 நாள் அபராதம் கட்டி மீட்டுக்கலாம், அதுக்கப்புறம் 5 நாள் யாரும் தொட முடியாம கிடக்கும், ஆறாவது நாள் எவன் வேணா எடுத்துக்கலாம். பழைய பேருக்கு ஏற்கனவே ஆள் வந்து போன தடம் இருக்கும்ல, அதுக்காகவே சூதாட்டக்காரன் எல்லாம் காத்துக்கிட்டு இருந்து எடுப்பான். ஞாபகப்படுத்தற மெயில் எல்லாம் அந்தப் பையன் மெயிலுக்குப் போயிருக்கும், சித்தப்பாவுக்கு எப்படித் தெரியும்.

அதனால டொமைனை நீங்களே உங்க கார்டுல, உங்க மெயில்ல, உங்க அப்பா பேர்லயோ கடை பேர்லயோ வாங்குங்க. டாட் இன் எல்லாம் வருஷத்துக்குப் பெரிய காசு ஆகாது, ஆனா முதல் வருஷம் கம்மியா போட்டுட்டு ரெண்டாவது வருஷம் ஏத்துவான், ரினியூவல் ரேட் என்னன்னு பாத்துட்டு வாங்குங்க. சைட் போடறவனுக்கு நேம் சர்வரை மட்டும் மாத்திக் கொடுத்தா போதும், பாஸ்வேர்டு கொடுக்கவே வேணாம்.

எஸ்எஸ்எல்னு தனியா காசு போட்டிருந்தா அதை அடிச்சுருங்க. உங்க சைட்டுக்கும் பாக்கறவர் போனுக்கும் நடுவுல போறதை எவனும் படிக்க முடியாமப் பூட்டறது தான் அது, கட்டாயம் வேணும், இல்லன்னா பாதுகாப்பு இல்லன்னு பிரவுசரே வாங்க வர்றவனைப் பயமுறுத்தும். ஆனா லெட்ஸ் என்கிரிப்ட்னு ஒரு அமைப்பு இலவசமாவே தருது, காலாவதி ஆகறதுக்கு முன்னாடி தன்னால புதுப்பிச்சுக்கற மாதிரி வச்சுக்கலாம், பாதி ஹோஸ்டிங்ல அதுவே வருது.

---

யாழ்_பனை | புதன் பிற்பகல் 2:03

பேரைத் தமிழிலயே எடுக்கலாம் தம்பி, அது கனபேருக்குத் தெரியாது. இந்தியாவுக்கு டாட் இந்தியா, எங்களுக்கு டாட் இலங்கை, சிங்கப்பூருக்கும் தமிழில இருக்கு. நாங்கள் பனம் பொருள் விக்கிறம், தமிழ்ப் பேர் ஒண்டு எடுத்து வச்சிருக்கிறன். பிரவுசரில வேலை செய்யும், ஆனா உள்ளுக்க அது ஏதோ ஆங்கில எழுத்துக் குவியலா மாறித்தான் போகுது, சில இடத்தில கொப்பி பண்ணி ஒட்டினா அந்தக் குவியல் தான் தெரியும், சனம் பயந்து தொடாது. மெயிலுக்கு இன்னும் சரிவராது. அதால ஆங்கிலப் பேர் ஒண்டும் சேர்த்து வச்சுக்கொள்ளுங்கோ.

---

பவானிக்காரன் | புதன் மாலை 5:50

அண்ணா, பேரு பத்தி தான் அடுத்த குழப்பம். ஜமுக்காளம்ங்கறத இங்கிலீஷ்ல ஜமக்காளம்னு ஒருத்தர் எழுதறாங்க, ஜமுக்காலம்னு ஒருத்தர், கே ஒண்ணு போடறாங்க ரெண்டு போடறாங்க, எல் ஒண்ணா ரெண்டா. நானே எங்க கடை பில் புக்ல மூணு மாதிரி பாத்துட்டேன்.

---

சுங்குடி_அக்கா | புதன் இரவு 9:15

தம்பி, அதை டொமைன்ல வைக்காதீங்க. போன்ல ஒருக்கா சொன்னா எதிர்ல இருக்கறவங்க தப்பில்லாம அடிக்கணும், அதுதான் டெஸ்ட். கடைப் பேர் சின்னதா இருந்தா அதை வைங்க. ஆனா சைட்டுக்குள்ள, பொருளோட விவரத்துல, எல்லா ஸ்பெல்லிங்கும் வர்ற மாதிரி வாக்கியத்துல கலந்து எழுதுங்க. வடநாட்டுலயும் வெளிநாட்டுலயும் இதை "டரி"னு தான் தேடுவாங்க, அந்த வார்த்தை கட்டாயம் வேணும். யோகா பண்றதுக்குப் பருத்தி விரிப்பு தேடறவங்க ஒரு தனிக் கூட்டம், உங்களுக்கு அங்க தான் ஆள் இருக்குனு எனக்குத் தோணுது. எஸ்இஓ எஸ்இஓனு, கூகுள்ல தேடுனா முன்னாடி தெரிய வைக்கறேன்னு உங்ககிட்ட காசு கேக்கறாங்களே, அதுல பெரும்பாதி இதுதான், வாங்கறவங்க வாயில என்ன வார்த்தை வருதோ அது உங்க பேஜ்ல இருக்கணும், பேஜ் சீக்கிரம் திறக்கணும். "முதல் பக்கத்துல கொண்டு வந்து நிறுத்தறேன் மேடம்"னு கேரன்டி கொடுக்கறவங்கள நான் வாசலோட அனுப்பிருவேன்.

நான் மதுரைல சுங்குடி விக்கறேன், 9 வருஷமா. வெப்சைட் மூணாவது வருஷம் தான் போட்டேன். அதுக்கு முன்னாடி பண்ணது சொல்றேன். முதல்ல கூகுள் மேப்ல கடையைப் போட்டேன், காசு கிடையாது. கடை ஏற்கனவே மேப்ல யாரோ போட்டு வச்சிருந்தாங்க, போன் நம்பர் தப்பா இருந்துச்சு, எத்தனை பேர் அந்த நம்பருக்கு அடிச்சு ஓஞ்சாங்களோ. அதை என் பேர்ல கிளெய்ம் பண்ணி வெரிஃபை பண்ணேன். நீங்களும் முதல்ல உங்க கடை மேப்ல இருக்கானு தேடிப் பாருங்க, திறக்கற நேரம், லீவு நாள், வாசல் போட்டோ சரியா இருந்தாலே போதும், பவானி கூடுதுறைக்கு வர்றவங்க எத்தனை பேர் அப்படியே கடைக்கு வருவாங்க.

அடுத்தது வாட்சப் பிசினஸ். 2018ல வந்துச்சு. கேட்டலாக் போட்டுக்கலாம். ஒரே மெசேஜைப் பல பேருக்குத் தனித்தனியா அனுப்பற பிராட்காஸ்ட் லிஸ்ட் போடும்போது ஒண்ணு ஞாபகம் வைங்க, ஒரு லிஸ்ட்டுக்கு 256 பேர் தான், அதுலயும் உங்க நம்பரை அவங்க போன்ல சேவ் பண்ணிருந்தா தான் மெசேஜ் போகும். இது தெரியாம ஆறு மாசம் நான் பாட்டுக்கு அனுப்பிட்டே இருந்தேன், பாதிப் பேருக்குப் போகவே இல்ல. இப்ப பில் கொடுக்கும்போதே "அக்கா நம்பரை சேவ் பண்ணிக்கோங்க, புது டிசைன் வந்தா அனுப்பறேன்"னு சொல்லிருவேன்.

ஏமாத்துக்காரனைப் பத்தியும் சொல்லணும். மிலிட்டரி ஆபீசர்னு சொல்லி ஒருத்தன் பேசுவான், 40 பீஸ் வேணும், கேன்டீனுக்கு, அட்வான்ஸ் இப்பவே போடறேன், நான் அனுப்பற க்யூஆரை ஸ்கேன் பண்ணுங்கம்பான். ஸ்கேன் பண்ணா பின் கேக்கும். தம்பி, யுபிஐல பணம் வாங்கறதுக்குப் பின் போடவே தேவையில்ல, பின் போட்டா பணம் நம்மகிட்ட இருந்து போகுதுனு அர்த்தம். இதை உங்க அப்பாகிட்டயும் கடைப் பசங்ககிட்டயும் இன்னைக்கே சொல்லிருங்க. எனக்கு மூணு தடவை வந்துச்சு, மூணாவது ஆள்கிட்ட "சார் நீங்க எந்த ரெஜிமென்ட்டு"னு கேட்டேன், வச்சுட்டான்.

---

வெட்டி_ஆபீசர் | புதன் இரவு 11:58

எதுக்கு பாஸ் இவ்ளோ கஷ்டம், இன்ஸ்டால ஒரு பேஜ், தறி ஓடற சத்தத்தோட ரீல்ஸ் போடுங்க, பிச்சுக்கிட்டு போகும். வெப்சைட் எல்லாம் யாரு இப்ப திறக்கறா? என் ஃப்ரெண்ட் மரச்செக்கு எண்ணெய் விக்கறான், வெப்சைட்டே கிடையாது.

---

சுங்குடி_அக்கா | வியாழன் காலை 7:02

ரீல்ஸ் போடறது நல்லது தான், நான் வேணாம்னு சொல்லல, தறிச் சத்தம் நல்ல ஐடியா. ஆனா அது வாடகை வீடு. 2021ல எனக்கு 11,000 ஃபாலோயர் இருந்தாங்க, ஒருநாள் காலைல அக்கவுன்ட் லாக். எவனோ கம்ப்ளெயின்ட் கொடுத்துருக்கான். திரும்ப வரவே இல்ல. அன்னைக்கு என்னைக் காப்பாத்துனது பில் புக்ல எழுதி வச்சிருந்த போன் நம்பர் தான்.

---

வெட்டி_ஆபீசர் | வியாழன் காலை 9:30

அது சரி க்கா. ஆனா முதல் ஆர்டர் எங்க இருந்து வருதுன்னு பாத்தா ரீல்ஸ்ல இருந்து தான் வரும், பேர் தெரியாத கடையோட வெப்சைட் அட்ரஸை அடிச்சு எவனும் வரமாட்டான், அவ்ளோ தான் என் பாயின்ட்.

---

சுங்குடி_அக்கா | வியாழன் காலை 9:41

அதை ஒத்துக்கறேன்.

---

கரூர்_எக்ஸ்போர்ட் | வியாழன் மதியம் 1:18

மெயில் ஐடி மட்டும் தான் புரிஞ்சுதுன்னு தம்பி எழுதிருக்காப்ல, எனக்கு அதைப் பாத்ததும் சிரிப்பும் வந்துச்சு வயித்தெரிச்சலும் வந்துச்சு. எங்க கம்பெனி கவுந்ததே அதுல தான்.

நாங்க கிச்சன் டவல், ஏப்ரன் பண்றோம். ஐரோப்பால ஒரு பையர், 12 வருஷப் பழக்கம். சரக்கு ஏத்தியாச்சு, இன்வாய்ஸ் போயாச்சு, 18,400 டாலர். பேமென்ட் வரல, வரலன்னு பாத்தா அந்தாளு "நான் போட்டு பத்து நாள் ஆச்சே"ங்கறாப்ல. எங்களுக்குப் போடல. நடுவுல ஒருத்தன் எங்க மெயில் மாதிரியே ஒரு மெயில்ல இருந்து "ஆடிட் நடக்குது, பழைய பேங்க் அக்கவுன்ட் இப்ப வேலை செய்யாது, இந்தப் புது அக்கவுன்ட்டுக்குப் போடுங்க"ன்னு அனுப்பிருக்கான். எங்க லெட்டர்பேடு, எங்க சீல், இன்வாய்ஸ் நம்பர், எல்லாம் அச்சு அசல். எங்க பேர்ல எம்ங்கற எழுத்து ஒண்ணு வரும். அவன் எம்முக்குப் பதிலா ஆரும் என்னும் ஒட்டிப் போட்டு ஒரு டொமைன் வாங்கிருக்கான். சின்ன எழுத்துல அடிச்சுப் பாருங்க, ரெண்டும் பக்கத்துல பக்கத்துல நின்னா எம் மாதிரியே தான் இருக்கும், போன் ஸ்கிரீன்ல எவனுக்கும் வித்தியாசம் தெரியாது. எங்க டிஸ்பேட்ச் பையன் ஒருத்தனோட மெயில் பாஸ்வேர்டு அவன் பேரும் 123ம். அதுல பூந்து ரெண்டு மாசமா எல்லா மெயிலையும் படிச்சுக்கிட்டு உக்காந்திருக்கான் அந்தத் திருட்டுப் பய, எப்ப இன்வாய்ஸ் போகும்னு.

பணம் வரல. பையரும் நாங்களும் ஆளுக்குப் பாதி ஏத்துக்கிட்டோம், அவர் நல்ல மனுஷன்.

அதனால நான் சொல்றது. சொந்த டொமைன்ல மெயில் வைங்க, அது மரியாதைக்கு மட்டும் இல்ல. எஸ்பிஎஃப், டிகேஐஎம், டிமார்க்னு மூணு செட்டிங் இருக்கு, டிஎன்எஸ்ல, அதான் மேல சொன்ன நேம் சர்வர்ல இருக்கற வரிகளோட, சேக்கணும். உங்க பேர்ல எந்த மெஷின்ல இருந்து மெயில் வரலாம், வேற எடத்துல இருந்து வந்தா என்ன பண்ணணும்னு அது சொல்லிரும். இது இல்லன்னா நீங்க அனுப்பற கொட்டேஷனே பையரோட ஸ்பாம்ல போய் விழும். எங்களுக்கு நடந்த மாதிரி வேற டொமைன்ல இருந்து வந்தா அதை இந்த மூணும் தடுக்காது, அதையும் சொல்லிர்றேன். அதுக்கு ஒரே வழி வாய்ப்பேச்சு: பேங்க் அக்கவுன்ட் மாறுனா நாங்க போன் பண்ணிச் சொல்லுவோம், மெயில்ல வந்தா நம்பாதீங்கன்னு முதல் ஆர்டர்லயே சொல்லி வச்சுருங்க. மெயிலுக்கு ஓடிபி வர்ற மாதிரி ரெண்டாவது பூட்டும் போடுங்க. நம்ம நாட்டுக்குள்ள பணம் போச்சுன்னா ஒரு நிமிஷம் கூட யோசிக்காம சைபர் மோசடிப் புகார் நம்பர் 1930க்கு அடிங்க, சீக்கிரம் சொன்னா போற வழியில புடிச்சு நிறுத்த வாய்ப்பு இருக்கு, நாளைக்குப் பாத்துக்கலாம்னா போச்சு.

---

பவானிக்காரன் | வியாழன் இரவு 8:26

அண்ணா படிச்சதும் எங்க கடை மெயில் பாஸ்வேர்டைப் பாத்தேன். பவானி123. மாத்திட்டேன்ங்க.

---

கணக்குப்புள்ள | வெள்ளி காலை 10:10

பல பேர் சரக்கு விக்கற பெரிய மார்க்கெட்பிளேஸ் சைட்ல போட்டு விக்கலாம்னு அடுத்து யாராச்சும் சொல்லுவாங்க, அதுக்கு முன்னாடி கணக்கு பாத்துக்கோங்க தம்பி. கமிஷன், ஷிப்பிங், ரிட்டர்ன் வந்தா அதுக்கும் ஷிப்பிங், இதெல்லாம் போக விக்கும்போதே அந்த சைட்காரங்க வரியா ஜிஎஸ்டில டிசிஎஸ் 0.5 சதவீதம் புடிப்பாங்க, 2024 ஜூலைக்கு முன்னாடி 1 சதவீதமா இருந்துச்சு. இன்கம்டாக்ஸ்ல டிடிஎஸ் 0.1 சதவீதம், அதுவும் 2024 செப்டம்பர் வரைக்கும் 1 சதவீதம். இது ரெண்டும் நம்ம பணம் தான், வரி ரிட்டர்ன் போடும்போது வந்துரும், ஆனா மாசா மாசம் கணக்கு ஒத்துப் பாக்கணும், இல்லன்னா வருஷக் கடைசில என்னை மாதிரி ஆளு உயிரை வாங்குவீங்க. ஜிஎஸ்டி நம்பர் இருக்குல்ல?

---

பவானிக்காரன் | வெள்ளி காலை 10:34

இருக்குங்க. மொத்த யாவாரத்துக்கு வாங்குனது.

ஆனா எனக்கு வேற ஒரு வருத்தம். நேத்து ராத்திரி அந்த மாதிரி ரெண்டு சைட்ல தேடிப் பாத்தேன், பவானி ஜமுக்காளம்னு போட்டு மெஷின்ல ஓட்டுன பாலியஸ்டர் விரிப்பை 450 ரூபாய்க்கு விக்கறான். எங்களுக்கு நூல், சாயம், கூலியே அதுக்கு மேல ஆகுது. அவனோட ஒரே பக்கத்துல நிக்கறதுக்கு எனக்கு மனசே வரல.

---

டெலிகாம்_தாத்தா | வெள்ளி மாலை 4:44

தம்பி, 1985ல கைத்தறி ஒதுக்கீட்டுச் சட்டம்னு ஒண்ணு வந்துச்சு, விசைத்தறில நெய்யக் கூடாதுன்னு ஒதுக்கி வச்ச 11 ஐட்டத்துல ஜமுக்காளமும் ஒண்ணு. பவானி ஜமுக்காளத்துக்குப் புவிசார் குறியீடும் இருக்கு. சட்டம் இருக்கு, ஆனா நீங்க ஒவ்வொருத்தன் மேலயும் கேஸ் போட்டுக்கிட்டு திரிய முடியாது.

உங்க சைட்ல என்ன போடணும்னா தறியைப் போடுங்க. பேரு, விலை மட்டும் போட்டா 450 ரூபாய்க்காரன் ஜெயிப்பான். குழித்தறில கால் எப்படி மிதிக்குது, ஒரு ஆறுக்கு ஒன்பது அடி நெய்ய எத்தனை நாள் ஆகுது, பாரம் எத்தனை கிலோ, தண்ணில நனைச்சா சாயம் போகுமா, இதை எழுதுங்க. உங்க அப்பா கையில தொட்டுப் பாக்கணும்னு சொல்றார்ல, அவர் தொட்டுப் பாத்து என்ன கண்டுபிடிக்கிறார்னு அவர் கிட்டயே கேட்டு எழுதுங்க.

---

வெட்டி_ஆபீசர் | வெள்ளி மாலை 5:20

தாத்தா மாஸ். அதை அப்பாவையே பேச வச்சு ரீல்ஸா போடுங்க பாஸ்.

---

பவானிக்காரன் | ஆறு வாரம் கழிச்சு, ஞாயிறு இரவு 9:33

எல்லாருக்கும் மறுபடி வணக்கம்ங்க, இவ்ளோ நாள் எழுதாம இருந்ததுக்கு மன்னிக்கோணும், ஆடிப் பதினெட்டு, கோயில் ஆர்டர்னு மூச்சு விட நேரமில்ல.

என்ன நடந்துதுனா, டொமைன் அப்பா பேர்ல, என் மெயில்ல வாங்கியாச்சு, மூணு வருசத்துக்கு. கடைப் பேர் மட்டும், ஸ்பெல்லிங் தொல்லை இல்ல. அந்த 45,000 கொட்டேஷன்காரர்கிட்ட டொமைன் என்னுதுனு சொன்னதும் அவரே 18,000க்கு எறங்கி வந்துட்டாரு, ஆனா நான் அவருகிட்ட பண்ணல, நம்ம நெட்சென்டர் அண்ணன் தனியா சொல்லிக் கொடுத்த மாதிரி அஞ்சு பேஜ் நானே போட்டேன். அசிங்கமாத் தான் இருக்கு, ஆனா சீக்கிரம் திறக்குது. படம் எல்லாம் 300 கேபிக்குள்ள. மேப்ல கடை ஏற்கனவே இருந்துச்சு, "நிரந்தரமாக மூடப்பட்டது"னு போட்டிருந்துச்சு! எந்த மகராசன் போட்டானோ. அதைச் சரி பண்ண எட்டு நாள் ஆச்சு.

அப்பாகிட்ட தாத்தா சொன்னதைக் கேட்டேன். அவரு ஜமுக்காளத்தை எடுத்து ஓரத்தை ரெண்டு விரல்ல மடிச்சு விட்டாரு, நல்ல நெசவுனா மடிச்ச தடம் உடனே நிமிந்துருமாம், ஊடையைச் சரியா அடிச்சு எறக்கலனா தடம் அப்படியே நிக்குமாம். இத்தனை வருசம் எனக்கு இது தெரியாதுங்க. அதைப் போன்ல புடிச்சுப் போட்டேன், 40 செகண்டு. முதல் ஆர்டர் அதைப் பாத்துத் தான் வந்துச்சு, பெங்களூர்ல ஒரு யோகா சென்டர், 12 பீஸ். வெட்டி ஆபீசர் அண்ணா, நீங்க சொன்னது தான் நடந்துச்சு. ஆனா பேமென்ட் பண்றதுக்கு முன்னாடி அவங்க வெப்சைட் இருக்கானு கேட்டாங்க.

கூரியர்ல தான் அடி வாங்கினேன். ஒரு பீஸ் மூணரை கிலோ தான். சாம்பிளுக்கு முதல் ஒண்ணை அழகாச் சுருட்டி ஒரு மீட்டர் நீளக் கொழாய் மாதிரி அனுப்புனேன், 20 சென்டிமீட்டர் அகலம், 20 ஒசரம். கூரியர்காரர் நீள அகல ஒசரத்தைப் பெருக்கி 5000ஆல வகுத்து 8 கிலோனு பில் போட்டாரு. சுருட்டாம மடிச்சு, அமுக்கிக் கட்டி, 45க்கு 35க்கு 12ல கொண்டு வந்தா 3.78 தான் வருது. பாதிக்கும் கீழ. இப்ப கடையில ஒரு அளவு டேப் தொங்குது, அப்பாவே அளந்து பாத்து தான் கட்டறாரு.

ஒரு டவுட் இருக்குங்க. அந்த யோகா சென்டர்ல இருந்து ஒரு பீஸ் திரும்பி வந்துச்சு, கலர் போட்டோல செங்கல் கலரா இருந்துச்சாம், நேர்ல பாத்தா மாம்பழக் கலராம். நான் ராத்திரி ட்யூப்லைட்டுல எடுத்தேன். இதுக்கு என்ன பண்றதுங்க?

---

சுங்குடி_அக்கா | ஞாயிறு இரவு 10:01

ட்யூப்லைட்டுல துணியை எடுக்கவே கூடாது தம்பி. காலைல எட்டு, ஒன்பது மணிக்கு வாசல்ல நிழல்ல விரிங்க, நேர் வெயில் படக்கூடாது. ஓரத்துல ஒரு வெள்ளைத் துண்டு போட்டு அதையும் சேத்து எடுங்க, துண்டு வெள்ளையாத் தெரியற வரைக்கும் போன்ல கலரைச் சரி பண்ணிட்டு, அப்புறம் துண்டை வெட்டிருங்க. அப்படியும் ஒவ்வொரு போன்லயும் ஒவ்வொரு மாதிரி தான் தெரியும், அதனால "மாம்பழ மஞ்சள்"னு வார்த்தைலயும் எழுதிருங்க.

---

பவானிக்காரன் | ஞாயிறு இரவு 10:07

சரிங்க்கா. துண்டு சித்தப்பா கடைலயே இருக்கு, காலைல வாங்கிட்டு வந்தர்றேன். அவரு பழைய பில் புக்கையும் மாத்தச் சொல்லணும்.